டென்மார்க்குக்கு இரண்டு டிக்கெட்!

டென்மார்க் தேசத்துத் துறைமுக நகரம் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்தால், அதற்கு இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி: விசாவுக்கு மனுப் போட்டு, பாங்க் ஸ்டேட்மெண்ட் காட்டி, ஸ்வெட்டர் கடன் வாங்கி, கோபன்ஹேகனுக்கு விமானம் ஏறுவது. இரண்டாவது வழி: ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து திருச்சி ஜங்ஷனில் இறங்குவது.

நான் பி.காம். அதுவும் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற பி.காம். எனக்கு எந்த வழி என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

கூட வந்தவர் அத்திம்பேர். பெரியம்மா பெண்ணைக் கட்டியவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் உழைத்து ரிடையர் ஆனவர். வயது அறுபத்து நாலு. அவருடைய பெண் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனவள், அப்படியே முதுகில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கோபன்ஹேகன் போய்விட்டு வந்தாள். கால்வாய்க் கரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வீடுகள், பாய்மரக் கப்பல்கள், சைக்கிள் கூட்டம் என்று நூற்றிருபது போட்டோ. அத்தனையும் மொபைலில் ஒவ்வொன்றாகப் பார்த்த அத்திம்பேர், "ஒரு காப்பி ஐநூறு ரூபாயாம்டா! அதுவும் ஃபில்டர் இல்லே!" என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் புலம்பல் வேறு மாதிரி திரும்பியது. "ஏண்டா, முதுகுல மூட்டை கட்டிண்டு அவ மட்டும்தான் போகணுமா? நான் போகப்படாதா?"

"போலாமே அத்திம்பேர். டென்மார்க்தானே? நாளைக்கே போயிட்டு வரலாம்" என்றேன்.

அப்படித்தான் பேரன் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கைவிட்ட ஸ்பைடர்மேன் பை ஒன்றில் இரண்டு வேஷ்டி, துண்டு, எண்ணெய் தடவின மிளகாய்ப்பொடி இட்லி பொட்டலம், பிரஷர் மாத்திரை சகிதம் அவரும், ஜோல்னாப் பையுடன் நானும், மயிலாடுதுறைக்கு ரயில் ஏறினோம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்க்குள்.

வண்டி பொன்மலையைத் தாண்டும்போது அத்திம்பேர் எழுந்து நின்று ஜன்னல் வழியாக ஒரு சல்யூட் வைத்தார். எதிர் சீட்டுக்காரர் அங்கே ஏதோ கோவில் இருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இந்த ஒர்க்‌ஷாப் முதல்ல எங்க இருந்துது தெரியுமோ? நாகப்பட்டினத்துல. இருபதுகளோட கடைசியிலதான் இங்க கொண்டு வந்தான் வெள்ளைக்காரன்" என்றார். இந்த நாகப்பட்டினம் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தஞ்சாவூரில் வண்டி ஐந்து நிமிஷம் நின்றது. நம் டென்மார்க் கதை உண்மையில் ஆரம்பிப்பது இங்கேதான்.

1616ல் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன், ஹாலந்தையும் இங்கிலாந்தையும் பார்த்து, 'நாமும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தால் என்ன?' என்று ஒன்றை ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் ஏ.ஸி. வாங்கினால் நம் வீட்டில் நடக்கிற அதே சமாசாரம். 1618 கடைசியில் கப்பல்கள் புறப்பட்டன. தலைமை ஓவ யெட்டே என்கிற கடற்படை இளைஞர். வயது இருபத்து நாலு கூட முடியவில்லை. போக வேண்டிய இடம் இலங்கை. 'கண்டி ராஜாவின் தூதர் நான், வாருங்கள், போர்ச்சுகீசியரைத் துரத்தலாம், மிளகும் பட்டையும் உங்களுக்கே' என்று ஒரு டச்சுக்காரர் டென்மார்க்கில் வந்து ஆசை காட்டியிருந்தார். அவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி ஒன்றரை வருஷப் பயணம். நோயில் பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள். தூதரும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். இலங்கையில் இறங்கிக் கேட்டால், கண்டி ராஜா அந்த ஒப்பந்தத்தை ஒப்புக்கொள்ளவே தயாராக இல்லை.

இதற்கு நடுவில் முன்னோட்டம் பார்க்க வந்த இன்னொரு டேனிஷ் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர்கள் தகர்த்துவிட்டார்கள். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே ஒரு டஜன் ஆட்களோடு உயிர் பிழைத்துத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் தர்பாரில் வந்து நின்றார். ரகுநாத நாயக்கர் சங்கீதம், கவிதை இரண்டிலும் கரை கண்டவர். வியாபாரமும் தெரிந்திருக்கிறது. கடற்கரையில் போர்ச்சுகீசியரின் கை ஓங்கியிருக்கிறது, போட்டிக்கு இன்னொரு கடைக்காரன் வந்தால் நமக்கு நல்லது என்று கணக்குப் போட்டிருப்பார் போல. இலங்கையில் ஏமாந்த யெட்டேவும் வந்து சேர, 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. தரங்கம்பாடி என்கிற மீனவர் கிராமமும் அதைச் சுற்றி எட்டுக் கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு நிலமும் டென்மார்க்குக்குக் குத்தகை. வருஷத்துக்கு 3,111 ரூபாய்.

டென்மார்க் ராஜாவுக்கு ரகுநாத நாயக்கர் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். தங்கத் தகட்டை ஓலை மாதிரி வெட்டி, அதில் தமிழில் எழுதின கடிதம். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் அது கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

"நம்ம பொண்ணு அதைப் பாத்தாளாமா?" என்றார் அத்திம்பேர்.

"அவ போட்டோவுல கடல்கன்னி சிலைதான் அத்திம்பேர் இருக்கு."

"அதானே!"

* * *

மயிலாடுதுறையில் இறங்கி பஸ். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், அப்புறம் தரங்கம்பாடி. முப்பது கிலோமீட்டர்தான். ராத்திரி தங்குவதற்குத் திருக்கடையூரில் ரூம் போட்டோம். அங்கேதான் லாட்ஜுக்குப் பஞ்சம் கிடையாது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊர் ஊராக ஜனங்கள் வருகிற இடமாயிற்றே. லாட்ஜ் மேனேஜர் அத்திம்பேரின் நரைத்த தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அறுபதுக்கா சார்? அம்மா வரலையா?"

"இல்லப்பா, எனக்கு அறுபத்து நாலு ஆச்சு."

"பரவால்ல சார், லேட்டா பண்ணிக்கறவங்களும் இருக்காங்க. மேளம் நாங்களே ஏற்பாடு பண்ணிடுவோம். அம்மா எப்ப வர்றாங்க?"

"கல்யாணமெல்லாம் இல்லேப்பா. நாங்க பேக்பேக்கிங் வந்திருக்கோம்" என்று ஸ்பைடர்மேனைத் திருப்பிக் காட்டினார். அதற்கப்புறம் மேனேஜர் எங்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸ் மட்டும் கூட ஐநூறு கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தரங்கம்பாடி பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கடலைப் பார்க்க நடந்தால், நேர் எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு வாசல். மேலே டேனிஷ் அரச முத்திரை. 1792 என்று வருஷம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது, இது அதன் வாசல். மதில் போய்விட்டது. வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. நாங்களும் போனோம்.

உள்ளே நுழைந்ததும் சட்டென்று சத்தம் அடங்குகிறது. ராஜா தெரு, ராணி தெரு என்று நேர்கோட்டுத் தெருக்கள். தூண் வைத்த வெள்ளை, மஞ்சள் பங்களாக்கள். டேனியர்கள் 1701ல் கட்டின சீயோன் கோவில், எதிர்ப்பக்கம் 1718ல் எழும்பின புதிய எருசலேம் தேவாலயம். தெருவின் கடைசியில் திறந்த மைதானம். அதற்கப்பால் கோட்டை. அதற்கும் அப்பால் வங்காள விரிகுடா. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு ராஜகோபுரத்தைத் தாண்டினால் அடுத்த கோபுரம் வர வேண்டும். இங்கே வாசலைத் தாண்டினால் கடல்!

தரங்கம்பாடி என்றால் 'பாடும் அலைகள்' என்று டூரிஸ்ட் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடி என்றால் ஊர், குடியிருப்பு. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடற்கரையில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோவிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து 1306ஆம் வருஷக் கல்வெட்டு, ஊரின் பெயரைச் சடங்கன்பாடி என்கிறது. டேனிஷ்காரர்கள் வாயில் அது 'டிராங்கேபார்' ஆயிற்று. அவர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இது கோவிலும் கல்வெட்டும் உள்ள ஊர் என்பதுதான் விஷயம். கோட்டையிலிருந்து கதையை ஆரம்பிக்கிறவர்கள் அந்தக் கோவிலை இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கோட்டைக்குப் பெயர் டான்ஸ்போர்க். டேனியரின் கோட்டை என்று அர்த்தம். இரண்டு அடுக்கு. கீழே கிட்டங்கி, சிப்பாய்கள் இருந்த அறைகள், சிறை. மேலே அதிகாரிகள் குடியிருப்பு, வழிபாட்டு இடம். கூரை ஒட்டக முதுகு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நடுவில் ஒரு தடித்த தூண், அதிலிருந்து நாலாபுறமும் விரிகிற வளைவுகள். அத்திம்பேர் தூணைத் தட்டிப் பார்த்து, "ஒரு இரும்பு கிர்டர் கிடையாதுடா. லோடை எப்படிப் பங்கு போட்டிருக்கான் பாரு" என்று மெய்ம்மறந்தார். மேல் தளத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் மியூசியம். உடைந்த பீங்கான், பழைய காசு, பத்திரங்களின் நகல்கள். டென்மார்க்கில் தரங்கம்பாடிக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களும் கை கொடுத்து 2000களில் கோட்டையைப் பழுது பார்த்திருக்கிறார்கள்.

நான் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பி.காம். புத்தி போகுமா?

1620 முதல் 1845 வரை 225 வருஷம். வருஷத்துக்கு 3,111 ரூபாய் வீதம் பெருக்கினால் 6,99,975. ஏழு லட்சத்துக்கு இருபத்தைந்து ரூபாய்தான் குறைச்சல். 1845ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தில் தனக்கு இருந்த செராம்பூரையும் சேர்த்து இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றது. விலை பன்னிரண்டரை லட்ச ரூபாய்.

திரும்பப் படியுங்கள். குத்தகைக்கு வந்தவர் வீட்டை விற்றுவிட்டார்! வாங்கினவர் யாரென்றால், வீட்டுக்காரர் ராஜ்யத்தையே 1799ல் எழுதி வாங்கிக்கொண்ட இங்கிலீஷ் கம்பெனி.

(225 வருஷமும் ரூபாய் ஒரே ரூபாய் இல்லை, குத்தகை பல தடவை பாக்கி விழுந்தது, நடுவில் நிலமும் கூடியது என்றெல்லாம் எனக்கும் தெரியும். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு மார்க் கிடையாது. ஆனாலும் போட்டுப் பார்க்கும்போது ஒரு சுவாரஸ்யம்.)

"லாபம்தானேடா?" என்றார் அத்திம்பேர்.

இல்லை. அதுதான் வேடிக்கை. பாதிக் காலம் இந்தக் கம்பெனிக்கு நஷ்டம். மிளகு, துணி, கிராம்பு என்று வாங்கி விற்றார்கள். கப்பல்கள் மூழ்கின, கடன் ஏறிற்று. ஆரம்பித்து இருபது வருஷத்துக்குள் கோட்டையை டச்சுக்காரர்களிடம் விற்கப் பார்த்தார்கள், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 1642ல் முகலாயப் பேரரசுக்கு எதிராகவே போர் அறிவித்துவிட்டு, வங்காளக் கப்பல்களைப் பிடித்துச் சரக்கைச் சுருட்டிக் காலம் தள்ளினார்கள். சுருக்கமாகச் சொன்னால் கடற்கொள்ளை. 1650ல் கோபன்ஹேகனில் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள்.

கலைத்தார்களே தவிர, தரங்கம்பாடியில் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது? அங்கே சண்டை, பணமுடை. கால் நூற்றாண்டுக்கு மேல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வரவில்லை. கடுதாசி வரவில்லை. சம்பளம் வரவில்லை. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், சிலர் ஓடினார்கள். 1655 வாக்கில் பொறுப்புக்கு வந்தவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. பெரிய படிப்போ குடும்பமோ இல்லாத சாதாரண ஆள். அவர் ஒருவர்தான் மிச்சம். சுற்றி உள்ளூர்க்காரர்களும், சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட போர்ச்சுகீசிய வம்சாவளிக்காரர்களும். குத்தகைப் பாக்கிக்காகத் தஞ்சாவூர்ப் படை வந்து முற்றுகை போடுகிறது. மனிதர் அசையவில்லை. பிடித்த கப்பல்களின் காசில் உள்ளூர் ஆட்களை வைத்து ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கொடியை இறக்கவில்லை. 1669ல் ஃபாரோ என்கிற கப்பல் வந்து நங்கூரம் போட்டபோது, கோட்டை டென்மார்க் கோட்டையாகவே இருந்தது.

அத்திம்பேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கொங்ஸ்பக்கேயின் பதினாலு வருஷத்தை அவர் ரயில்வே சர்வீஸ் ரூலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. "அரியர்ஸ் குடுத்தானாமா?" என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் பிடித்த கப்பல்களில் இருந்த வங்காளத்து வியாபாரிகளும் மாலுமிகளும் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று யோசித்தால் சற்றுத் தயக்கம் வருகிறது. இந்தக் கரையிலிருந்து போன துணிமூட்டைகளில் ஒரு பங்கு பின்னால் ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுக்கிற சரக்காயிற்று. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதெல்லாம் ஞாபகம் வருவதில்லை. வர வேண்டும்.

* * *

'துறைமுகம், துறைமுகம்' என்கிறாயே, துறைமுகம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அத்திம்பேரும் கேட்டார். கோபன்ஹேகன் என்ற பெயருக்கே 'வியாபாரிகளின் துறைமுகம்' என்றுதான் பொருள். அங்கே கப்பல் வீட்டு வாசலில் வந்து நிற்கும். தரங்கம்பாடியில் திறந்த கடல். கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட வேண்டும். அங்கிருந்து அலை உடைகிற இடத்தைத் தாண்டி சரக்கையும் ஆட்களையும் கொண்டு வந்தவை நம் மீனவர்களின் கட்டுமரங்களும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும். தரங்கம்பாடியில் துறைமுகம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த மீனவர்களின் கைத்தோள்தான். 'கட்டுமரம்' என்ற வார்த்தையை இங்கிலீஷ்காரர்கள் சும்மாவா எடுத்துக்கொண்டு போனார்கள்?

அப்படி 1706 ஜூலை 9ந் தேதி கரை இறங்கினவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மானியர். டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக் அனுப்பின மிஷனரி. மறுநாள் அவருக்கு இருபத்து நாலாவது பிறந்த நாள். கடற்கரையோரம் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கோட்டைத் தளபதிக்கு அவரைக் கண்டால் ஆகாது. நாலு மாசம் இதே கோட்டையில் அடைத்து வைத்தார். வெளியே வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்தும், தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்தும் வந்தன. அந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஆனை சைஸ். காகிதம் தீர்ந்துவிடும் போலிருந்தது. என்ன செய்தார்கள்? சீஸ் வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்தாக இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்! 1715ல் புத்தகம் முடிந்தது.

தமிழ் அச்சு அதற்கும் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் முந்தியது. 1578லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் நடுவில் அறுந்துபோன சரடை மறுபடி பிடித்தது தரங்கம்பாடி. சீஸ் டப்பாவில் பிறந்த தமிழ் எழுத்து என்பதில் எனக்கு ஒரு தனிப் பாசம். வாராவாரம் பத்திரிகையில் நம் பெயரை அச்சில் பார்க்கிற ஆசாமி அல்லவா?

சீகன்பால்குவிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. மதம் மாற்ற வந்தவர், இந்த ஊர் ஜனங்கள் கும்பிடுகிற தெய்வங்களைப் பற்றியெல்லாம் விசாரித்து விசாரித்து ஒரு தடிப் புத்தகம் எழுதி 1713ல் ஊருக்கு அனுப்பினார். 'உம்மை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல' என்கிற ரீதியில் பதில் வந்தது. புத்தகம் நூற்றைம்பது வருஷம் தூங்கி, 1867ல் சென்னையில் அச்சாயிற்று. அவர் 1719ல் முப்பத்தாறாவது வயதில் இறந்து, தான் கட்டின புதிய எருசலேம் கோவிலிலேயே அடக்கமானார்.

திருச்சிக்காரர்களுக்கு ஒரு தகவல். நம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் 1766ல் கட்டின கிறைஸ்ட் சர்ச் இருக்கிறதே, பிள்ளையாரைப் பார்க்கவும் துணி எடுக்கவும் போகிற வழியில் தினம் தாண்டிப் போகிறோமே, அதைக் கட்டின ஸ்வார்ட்ஸ் பாதிரியாரும் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கே தமிழ் படித்துவிட்டு வந்தவர்தான். தஞ்சாவூர் சரபோஜி மன்னருக்கு ஆசானாக இருந்தார். 1779ல் ஹைதர் அலியிடம் தூது போக இங்கிலீஷ்காரர்கள் தேடியபோது, அவர்களில் ஒருவரையும் நம்பாத ஹைதர் இவரை நம்பினார். நம் ஊர் ஸ்ரீரங்கத்தின் பக்கத்திலிருந்து அவர் போனது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு!

* * *

வெயில் ஏறியதும் கோட்டைக்கு வெளியே வந்தோம். மதில் நிழலில் ஒரு அம்மாள் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயசிருக்கும். அத்திம்பேருக்கு வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் பேச்சு ஒத்துக்கொண்டது.

"கோட்டைய பாக்க வந்தீங்களா ஐயா?"

"ஆமாம்மா. இந்தக் கோட்டை சுனாமிக்குத் தாங்கித்தா?"

"கோட்டைக்கு ஒண்ணும் ஆவல. நாங்கதான் போயிட்டோம்."

கை நீட்டிக் காட்டினார். மணல்வெளி. "அதோ, அந்தத் தென்னை நிக்குது பாருங்க, அதுக்கு இந்தாண்ட எங்க வூடு. எதிர்த்தாப்புல என் நாத்தனா வூடு. ரெண்டு புள்ளைங்களையும் கொண்டுட்டுப் போயிருச்சு அவளுக்கு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இஸ்கூலு இருந்திருந்தா புள்ளைங்க உள்ளாற போயிருக்கும்."

2004 டிசம்பர் 26. இந்தக் கரையில் ஏராளமான பேர், அதிலும் பெண்களும் குழந்தைகளும், போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கரையிலிருந்து தள்ளி, உள்ளே காலனி கட்டிக் கொடுத்தார்கள். கான்கிரீட் வீடு, நல்ல வீடு என்றுதான் அந்த அம்மாளும் சொன்னார்.

"வூடு நல்லாத்தான் இருக்கு. ஆனா கடலு தெரியல ஐயா. முன்னல்லாம் ராத்திரி சத்தத்த வச்சே நாளைக்குக் கடலுக்குப் போலாமா வேணாமான்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிருவாரு. இப்ப போன்ல பாத்துத்தான் சொல்லுறாங்க."

அத்திம்பேர் பர்ஸை எடுத்தார். அந்த அம்மாள் உடனே, "கருவாடு வாங்கிக்கறீங்களா? சும்மா வேணாம்" என்றார். ஆச்சாரமான அத்திம்பேர் நூறு ரூபாய்க்கு நெத்திலி வாங்கினார்! அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்பைடர்மேன் பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். (திருக்கடையூர் லாட்ஜ் வாட்ச்மேனுக்கு அன்று யோகம்.)

மாசிலாமணிநாதரைப் பார்க்கப் போனோம். எழுநூறு வருஷக் கோவில். முன் மண்டபங்களைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒரு காலத்தில் அலை நடுவே கற்குவியலாகத்தான் நின்றது. பழைய போட்டோக்களில் பார்த்தால் வயிற்றைப் பிசையும். பிறகு திருப்பணி நடந்து, அலை அடிக்காமல் இருக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஏறி நின்றால் கோட்டையும் கோவிலும் ஒரே பார்வையில் தெரிகின்றன. கோட்டைக்கு டென்மார்க்கில் சங்கம் இருக்கிறது. கடலில் போன மண்டபங்களுக்குக் குலசேகர பாண்டியன் ஊரில் யார் சங்கம் வைத்தார்கள்? நம் ஊர் அம்மா மண்டபத்துப் படித்துறையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற காவிரி, இங்கிருந்து இருபது கிலோமீட்டர் வடக்கே பூம்புகாரில்தான் கடலில் கலக்கிறது. அந்த ஊரையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகார காலத்துக் கதையைப் பேசிக்கொண்டே இருக்கிறோம். கண்ணெதிரே கொண்டதைப் பற்றிப் பேச்சு குறைவு.

ஊர் ஏன் இப்படி அடங்கிப் போயிற்று என்பதற்கும் விடை வேண்டுமே. இங்கேதான் அந்த நாகப்பட்டினம் வருகிறது. 1845ல் வாங்கின இங்கிலீஷ்காரர்கள் கொஞ்ச காலம் ஜில்லாத் தலைநகராகவே தரங்கம்பாடியை வைத்திருந்தார்கள். அப்புறம் ரயில் போட்டார்கள். எங்கிருந்து? நாகப்பட்டினத்திலிருந்து. 1861ல் தஞ்சாவூர் வரை, 1862ல் திருச்சி வரை. தஞ்சாவூர் அரிசியும் திருச்சி சரக்கும் தண்டவாளத்தில் நாகப்பட்டினம் போய்விட்டன. ரயில் வராத தரங்கம்பாடிக்குக் கப்பலும் வரவில்லை.

"அப்போ ஊரைக் கெடுத்தது எங்க டிபார்ட்மெண்ட்டா?" என்று அத்திம்பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறினவர் மாதிரி கேட்டார்.

ரயில் பிற்பாடு வந்தது. 1926ல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை. அறுபது வருஷம் ஓடி 1986ல் நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். டேனிஷ் கம்பெனியின் அதே காரணம்! மறுபடி ஓட விட வேண்டும் என்று இன்றும் மனுக் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் அத்திம்பேருக்குக் கோட்டை, சர்ச், கடல் எல்லாம் மறந்துபோயிற்று. டீக்கடையில் போய், "இங்க பழைய ரயில் தடம் எங்கேப்பா?" என்றார்.

"அதுவா பெருசு... அந்தக் கருவேலங்காட்டுக்குள்ளாற போவுது. ஒண்ணும் இருக்காதே."

டபராவை வைத்துவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர் இருபது நிமிஷம் ஆளையே காணோம். மயிலாடுதுறை பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்க, நான் கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, முள்ளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வேஷ்டியில் இரண்டு கிழிசல். கையில் ஒரு கருங்கல் ஜல்லி.

"பேலாஸ்ட்டுடா! நம்ம கல்லு!" என்று துண்டில் துடைத்து, பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"பெருசு, ஏறு... நேரமாச்சு" என்றார் கண்டக்டர்.